சிறுமொழியும் கடமையும்: நியுவே மொழியை முன்னிறுத்திய ஓர் அறவியல் நோக்கு

ஒரு மொழி அழிந்துபோகும்போது யாருக்கு அநீதி இழைக்கப்படுகின்றது என்ற வினா, மொழிப்பற்று மேலோங்கி நிற்கும் சமுதாயங்களிற்கூட ஆழமாக எழுப்பப்படுவதில்லை. அழிவு வருந்தத்தக்கது என்பதில் எவரும் மாறுபடார். ஆயின் வருந்தத்தக்கன யாவும் அறவழுக்கள் ஆகிவிடா. எரிமலை வெடித்து ஓர் ஊர் புதையுண்டால் அது பெருந்துயரம். எனினும் அதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். மொழியின் மறைவும் இத்தகைய துயரந்தானா? அன்றி, எவரோ செய்யவேண்டியதைச் செய்யாது விட்டமையின் விளைவா? பின்னையதே உண்மையெனின், அக்கடமை யாரைச் சார்ந்தது, அது எத்துணை வலிமையுடையது என்பன ஆராயப்படல் வேண்டும்.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தென் பசுபிக் சமுத்திரத்திலுள்ள நியுவே தீவின் மொழி மிகப் பொருத்தமான உதாரணமாக அமைகின்றது. உலகில் அருகிவரும் மொழிகள் பலவற்றின் பின்னணியிலே தடைச்சட்டமோ வன்முறையோ கட்டாய வெளியேற்றமோ காணப்படும். அங்கெல்லாம் குற்றவாளியைச் சுட்டுவது எளிது. அறவினாவும் விரைவில் முடிந்துவிடும். நியுவேயின் நிலைமை வேறு. அம்மக்கள் தமக்கெனச் சட்டமன்றமும் அரசாங்கமும் உடையவர்கள். தீவைவிட்டுச் சென்றோரிற் பெரும்பாலோர் தாமே விரும்பிச் சென்றவர்கள். சென்ற நாட்டிலும் முழுக் குடியுரிமை பெற்றவர்கள். இருந்தும் அவர்களது மொழி தேய்ந்து வருகின்றது. எளிதில் விரல்நீட்டிக் காட்டக்கூடிய பகைவன் எவனும் இல்லாத இடத்திலேதான் கடமை பற்றிய வினா அதன் முழுக் கனத்தோடும் எழுகின்றது எனலாம்.

முதற்கண் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குதல் தகும். நியுவே, ஏறத்தாழ 260 சதுர கிலோமீற்றர் பரப்புடைய, கடலினின்று உயர்ந்தெழுந்த ஒரு முருகைக்கற்றீவு. ரொங்கா, சமோவா, குக் தீவுகள் ஆகியவற்றுக்கு இடையே தனித்து நிற்பது. 1774 ஆம் ஆண்டு இங்கு வந்த கப்டன் ஜேம்ஸ் குக், தீவினர் தம்மைக் கரையேற விடாது எதிர்த்தமையால் அதற்குக் 'காட்டுமிராண்டித் தீவு' எனப் பெயரிட்டார். அப்பெயர் ஐரோப்பியரின் தேசப்படங்களில் நெடுங்காலம் நிலைத்தது. அழையாது வந்தோரைத் தடுத்த ஒரு செயலுக்காக ஒரு மக்கட்கூட்டத்தின் பெயரே மாற்றப்பட்டமை, பெயரிடும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. சமோவாவிற் பயிற்சிபெற்றுத் திரும்பிய பெனியமினா என்ற நியுவே மகன் 1846 இல் கிறித்தவத்தை அங்கு கொணர்ந்தார். அடுத்து வந்த சமோவ உபதேசிமாரும் இலண்டன் மிஷன் சங்கத்தினரும் மொழிக்கு எழுத்துருக் கொடுத்தனர். முழு வேதாகமமும் 1904 இல் நியுவே மொழியில் வெளியாயிற்று. 1900 இல் பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் வந்த தீவு, அடுத்த ஆண்டே நியூசிலாந்துடன் இணைக்கப்பட்டது. 1974 ஒக்ரோபர் 19 இல் நியுவே தன்னாட்சி பெற்று, நியூசிலாந்துடன் சுதந்திரத் தொடர்புறவு கொண்ட நாடாயிற்று. அதன் அரசியலமைப்பு நியுவே மொழியிலும் ஆங்கிலத்திலும் வரையப்பட்டது.

அரசியல் விடுதலை கிட்டிய அதே காலப்பகுதியில் மக்கள் வெளியேற்றமும் உச்சநிலை எய்தியமை வரலாற்றின் முரண் எனலாம். 1970 களின் தொடக்கத்தில் விமான நிலையம் திறக்கப்பட்டமையும், நியூசிலாந்தின் ஆலைகள் தொழிலாளரை வேண்டி நின்றமையும், குடியுரிமை கையிலிருந்தமையும் ஒருங்குகூடிப் பயணத்தை எளிதாக்கின. 1966 இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த தீவில் இன்று இரண்டாயிரத்துக்கும் குறைவானோரே வாழ்கின்றனர். நியூசிலாந்தில், 2018 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, தம்மை நியுவே இனத்தவர் எனப் பதிந்தோர் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். இவர்களுட் பெரும்பான்மையோர் நியூசிலாந்திலேயே பிறந்தவர்கள். இவர்களில் நியுவே மொழியில் உரையாட வல்லோர் ஐவரில் ஒருவரிலும் குறைவு. அழியும் அபாயமுடைய மொழிகளின் வரிசையில் யுனெஸ்கோ நிறுவனம் இதனையும் சேர்த்துள்ளது. சுருங்கக்கூறின், மொழி வாழும் நிலத்தில் மக்கள் அருகினர். மக்கள் பெருகிய நிலத்தில் மொழி அருகியது.

இந்நிலைமையை நோக்குவோர் பொதுவாக இரு நிலைப்பாடுகளுள் ஒன்றைக் கைக்கொள்வர். முதலாவது, மொழி ஒரு கருவியே என்னும் கொள்கை. ஜோன் ஸ்ருவர்ட் மில், பிரதிநிதித்துவ அரசாங்கம் பற்றி 1861 இல் எழுதிய நூலில், பிறெற்றன், பாஸ்க் முதலிய சிறுகுழுவினர் தம் தனித்த வாழ்வைப் பேணிக்கொண்டு ஒதுங்கி இருப்பதிலும், பிரெஞ்சுப் பெருநாகரிகத்தின் நீரோட்டத்திற் கலப்பதே அவர்களுக்கு நன்மை தரும் என வாதிட்டார். தனிமனித சுதந்திரத்தின் தலையாய காவலராகக் கருதப்படுபவரே இவ்வாறு எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. இக்கொள்கையின்படி, நியுவேயிலிருந்து ஒக்லாந்துக்குச் சென்ற பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை மட்டும் கற்பித்தமை ஓர் அறிவார்ந்த தெரிவு. பழைய கருவியை வைத்துவிட்டுக் கூரிய புதிய கருவியை எடுத்துக்கொள்பவனை எவரும் குறைகூறார்.

இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குவது முறையன்று. இதன் பின்னால் மெய்யான துன்ப அநுபவங்கள் உள. முதலாம் உலகப் போரின்போது 150 நியுவே இளைஞர்கள் படையிற் சேர்ந்து, 1915 இல் தீவினின்று புறப்பட்டு, மாவோரிப் படைப்பிரிவினருடன் எகிப்துக்கும் பிரான்சுக்கும் அனுப்பப்பட்டனர். அப்போது தீவின் மொத்தச் சனத்தொகை ஏறக்குறைய நாலாயிரமே. அவர்களுட் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர்கள். கட்டளையை விளங்கிக்கொள்வதற்கும் நோயுற்றபோது தம் வேதனையை எடுத்துரைப்பதற்கும் மொழியற்றவர்களாய், அதுவரை அறியாத குளிருக்கும் தொற்றுநோய்க்கும் அவர்கள் ஆளாகினர். இத்தகைய நினைவுகளைச் சுமந்த ஒரு சமுதாயம், ஆங்கிலம் அறியாதிருத்தல் ஆபத்து என்ற முடிவுக்கு வந்ததாயின், அதனை அறியாமை என்று எவர் கூறுவர்? தாய்மொழிப் பற்றை உயர்த்திப் பேசுவோர் இப்பெற்றோரின் அச்சத்தையும் மதித்துப் பேசுதல் வேண்டும்.

ஆயினும் கருவிக் கொள்கை இரு முக்கிய உண்மைகளைக் காணத் தவறுகின்றது. ஒன்று, தெரிவு செய்தவரும் இழந்தவரும் ஒருவரல்லர் என்பது. தந்தை ஆங்கிலத்தையும் கற்றார். நியுவே மொழியையும் இழக்கவில்லை. இழந்தது பிள்ளை, பிள்ளையிடம் எவரும் கேட்கவில்லை. மற்றையது, தனித்தனித் தெரிவுகளின் கூட்டுவிளைவு பற்றியது. ஒரு குடும்பம் தன் இல்லத்தில் மொழியைக் கைவிடுவதால் மொழி அழிந்துவிடாது. பிற குடும்பங்கள் அதனைப் பேணும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. எல்லாக் குடும்பங்களும் இந்நம்பிக்கையோடு நடந்துகொள்ளும்போது, எவருமே விரும்பாத ஒரு முடிவு எல்லோரது செயலாலும் நேர்ந்துவிடுகின்றது. ஊர்க் குளத்தைத் தூர்வாரும் பணியை ஒவ்வொருவரும் அயலவர் செய்வர் என்று விட்டுவிட்டால் குளம் தூர்ந்துபோவதில் வியப்பில்லை. மொழி தனியொருவரின் உடைமையாகாத பொதுப்பொருள். பொதுப்பொருளின் அழிவைத் தனிமனித விருப்பங்களின் கூட்டுத்தொகை என்று கூறி நியாயப்படுத்தவியலாது.

இரண்டாவது நிலைப்பாடு, மொழியே ஓர் இனத்தின் ஆன்மா என்னும் கொள்கை. ஒவ்வொரு மொழியும் வேறெதனாலும் ஈடுசெய்யவியலாத ஓர் உலகநோக்கைத் தன்னுட் கொண்டுள்ளது. மொழி போயின் அந்நோக்கும் போய்விடும் என்பர் இக்கொள்கையினர். நியுவே மொழி தனித்துவமான பல இயல்புகள் கொண்டது என்பதில் ஐயமில்லை. அது பொலினீசிய மொழிக்குடும்பத்திலே ரொங்க மொழிக்கு மிக நெருங்கிய உறவுடையது. வினையை முதலிற் கொண்டு வாக்கியத்தைத் தொடங்குவது. எழுவாய், செயப்படுபொருள் ஆகியவற்றை அது குறிக்கும் முறை, ஐரோப்பிய மொழிகளின் வேற்றுமை முறையினின்று அடிப்படையிலேயே வேறுபட்டது. டயான் மாசம் என்னும் மொழியியலாளர் நியுவே வாக்கிய அமைப்பை ஆராய்ந்து 2001 இல் வெளியிட்ட கருத்துகள், வினையும் பெயரும் இணையும் முறை பற்றிய பொதுவான மொழியியற் கோட்பாட்டையே செழுமைப்படுத்தின. சில ஆயிரம் பேர் பேசும் ஒரு மொழி, மனித மொழி முழுவதையும் பற்றிய அறிவுக்கு ஒளியூட்டவல்லது என்பதற்கு இது தக்க சான்று.

எனினும் இக்கொள்கையும் தான் நிறுவ வேண்டியதை நிறுவவில்லை. மொழியியலாருக்குப் பயன்படும் என்பதற்காக ஓர் இளைஞன் தன் பாட்டனின் மொழியைப் பேசக் கடமைப்பட்டவன் ஆவானா? அவ்வாறாயின் அவன் ஆய்வுகூடத்துப் பொருளாகிவிடுவான். மேலும், ஒரு மொழியிற் கூறுவதைப் பிறிதொரு மொழியில் விளக்கவே முடியாது என்பது மிகைக்கூற்று. விளக்கம் நீண்டுபோகலாம், சுவை குன்றலாம், ஆயினும் பொருள் பெரும்பாலும் வந்துசேரும். யாவற்றுக்கும் மேலாக, மொழியே ஆன்மா என்பது உண்மையெனின், அம்மொழி அறியாத பல்லாயிரம் நியுவே இளைஞர்கள் ஆன்மாவற்றவர்கள் என்ற கொடிய முடிபு பெறப்படும். அவர்களுட் பலர் தம் குடும்பத்தாரைப் பேணுபவர்கள். தேவாலயத்திலும் சடங்கிலும் தவறாது பங்கு கொள்பவர்கள். தீவிலுள்ள உறவினருக்குத் துணைநிற்பவர்கள். நியுவே நாட்டிற் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் யோன் பூலே 1992 இல் வெளியிட்ட நாவல், அம்மக்களின் குடிபெயர்வு வாழ்வை உலகறியச் செய்தது. அவரை நியுவேயர் அல்லர் என்று கூறத்துணிபவர் எவருமிலர். மொழியை ஆன்மாவாக உயர்த்தும் முயற்சி, மொழியிழந்தோரைத் தாழ்த்தும் முயற்சியாக முடிவது இக்கொள்கையின் பெருங்குறை.

கருவி என்பதும் ஆன்மா என்பதும் பொருந்தாவெனின், மொழியை எவ்வாறு கருதுவது? நியுவே இலக்கணத்தின் ஒரு சிறு கூறே இதற்கு வழிகாட்டுகின்றது. அம்மொழியிற் கேட்போரையும் உளப்படுத்திக் கூறும் தன்மைப் பன்மைக்கு 'தவுத்தொலு' என்ற சொல்லும், கேட்போரை நீக்கிக் கூறும் பன்மைக்கு 'மவுத்தொலு' என்ற சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. தமிழ் மாணவருக்கு இதனை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. இலக்கண நூலார் உளப்பாடு எனச் சுட்டும் பொருளே அது. பண்டைத் தமிழில் 'நாம்' என்பதும் 'யாம்' என்பதும், இன்றைய எழுத்து வழக்கில் 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும் இவ்வேறுபாட்டைத் தருவன. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிலோ 'நாங்கள்' என்பதே பெரும்பாலும் இரு பொருளிலும் வழங்குகின்றது. அவ்வழக்கினர் உளப்பாட்டை உணராதவர்கள் என்று எவரும் கொள்ளார். எனவே சொல் இல்லையாயின் கருத்தும் இல்லை என்பது இங்கு வாதமன்று.

வாதம் வேறு. உளப்படுத்தும் பன்மை ஒரு பொருளைக் குறிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அது கேட்போரை நோக்கி நீட்டப்படும் கையாகவும் அமைகின்றது. 'தவுத்தொலு' என்று முதியவர் கூறும்போது, அவர் முன் நிற்கும் பேரன் அச்சொல்லின் பொருளுள் அடங்குகின்றான். ஆயின் அச்சொல்லை விளங்கிக்கொள்ள அவனால் இயலவில்லையெனில், உளப்படுத்தும் சொல்லே அவனை அறியாது வெளியே நிறுத்திவிடுகின்றது. மொழியிழப்பின் உட்பொருள் இதுவே. இழக்கப்படுவது ஓர் உலகநோக்கு என்பதிலும், ஓர் உறவின் வழி என்பதே பொருந்தும். பாட்டியின் நகைச்சுவைக்குச் சிரிக்க முடியாமை, இறந்தார்க்கு அரற்றும் புலம்பலின் பொருள் அறியாமை, மூத்தோர் கூட்டத்திலே பேச்சற்று அமர்ந்திருத்தல் ஆகியவை எந்தக் கணக்கெடுப்பிலும் பதியப்படாத இழப்புகள். ஆயினும் அவையே உண்மையான இழப்புகள்.

உறவு என்ற நோக்கிலிருந்தே கடமையின் தன்மையும் தெளிவுறுகின்றது. நியுவே சமுதாயத்தில் ஆண்பிள்ளையின் நீண்டு வளர்ந்த தலைமயிரை முதன்முறை கத்தரிக்கும் சடங்கும், பெண்பிள்ளைக்குக் காதுகுத்தும் சடங்கும் பெருவிழாக்களாக நடைபெறுவன. ஒக்லாந்து நகரிலும் இவை இன்றும் நிகழ்கின்றன. உற்றார் உறவினர் திரண்டுவந்து பணமும் பொருளும் வழங்குவர். பெற்ற குடும்பம், கொடுத்தோரின் இல்லத்தில் அத்தகைய சடங்கு நிகழும்போது திருப்பி வழங்கும். இக்கொடைமுறை வணிக ஒப்பந்தத்தின் பாற்பட்டதன்று. மயிர் கத்தரிக்கப்படும் சிறுவன் எந்த உடன்படிக்கையிலும் ஒப்பமிட்டவனல்லன். எனினும் பெற்றதனாலேயே அவன் ஒரு கொடைத்தொடரின் உறுப்பினன் ஆகின்றான். மொழியும் இவ்வகைக் கொடையே. அதனைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தல் இயலாது. அடுத்து வருபவருக்கே கொடுத்தல் இயலும்.

கேளாது தரப்பட்ட கொடை எவ்வாறு கடமையாக முடியும் என்ற மறுப்பு இங்கு எழலாம். இம்மறுப்பில் நியாயமுண்டு, ஆதலால் கடமையின் அளவை வரையறுத்துக் கூறுதல் வேண்டும். மொழியை எந்நாளும் பேசியே தீரவேண்டும் என்பதோ, வேறு மொழியில் வாழ்வமைப்பது துரோகம் என்பதோ இக்கொடையினின்று பெறப்படா. பெறப்படுவது இதுவே: தனக்குத் தரப்பட்ட வாய்ப்பைத் தன் அசட்டையினால் அடுத்தவருக்கு இல்லாதாக்கிவிடலாகாது. ஏற்பதும் விடுப்பதும் பிள்ளையின் உரிமை. ஆயின் ஏற்பதற்கு ஏதேனும் கைக்கு எட்ட வேண்டுமாயின், முந்திய தலைமுறை அதனை நீட்டியிருத்தல் வேண்டும். இவ்வாறு நோக்கும்போது மொழிக்கடமை சுதந்திரத்துக்குப் பகையாவதில்லை. அடுத்த தலைமுறையின் தெரிவுச் சுதந்திரத்தைக் காப்பதாகவே அமைகின்றது.

அக்கடமை யாருடையது என்பது அடுத்த வினா. அதனை இளைஞரின் தோள்மீது மட்டும் ஏற்றுவது அநீதியாகும். கனடிய மெய்யியலாளர் வில் கிம்லிக்கா 1995 இல் எழுதிய 'பல்பண்பாட்டுக் குடியுரிமை' என்ற நூலில் தேசியச் சிறுபான்மையினரையும் குடிவரவாளரையும் வேறுபடுத்துவார். முன்னையோர் தம் நிலத்திலேயே பிறிதோர் அரசுள் அடக்கப்பட்டவர்கள். ஆதலின் தம் மொழியிற் பொது நிறுவனங்களைக் கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு. பின்னையோர் விரும்பி வந்தவர்கள். ஆதலின் அவர்தம் கோரிக்கை வலிமை குறைந்தது. நியுவே மக்கள் இவ்விரு பெட்டகங்களுள் எதனுள்ளும் அடங்கார். அவர்கள் நியூசிலாந்துக்கு விரும்பியே வந்தனர். ஆயின் அதற்குமுன் நியூசிலாந்து அவர்களிடம் வந்திருந்தது. 1901 இல் தீவை இணைத்து, அதன் நிருவாகத்தையும் கல்வியையும் பல தசாப்தங்கள் நடத்தி, போருக்கு அதன் இளைஞரை ஏற்று, பின்னர் ஆலைகளில் அதன் உழைப்பையும் பெற்ற ஓர் அரசு, அம்மக்களின் மொழி அவர்களது வீட்டு விவகாரம் என்று கூறி ஒதுங்கிவிடவியலாது. தீவின் நலனுக்கு உதவும் பொறுப்பை 1974 ஆம் ஆண்டு ஏற்பாட்டிலேயே அது ஏற்றுக்கொண்டுள்ளது. தீவின் நலன் என்பதில் மொழி அடங்காது எனக் கொள்வதற்குத் தக்க நியாயம் இல்லை.

இனி, மொழியைக் கொண்டாடுதல் என்ற வழக்கினை ஆராயலாம். ஆண்டுதோறும் ஒக்ரோபர் மாதத்தில், அரசியலமைப்பு நாளை ஒட்டி, நியூசிலாந்தில் 'வஙஹவு நியுவே' வாரம் கொண்டாடப்படுகின்றது. 'வஙஹவு' என்பது பேச்சு, மொழி எனப் பொருள்படும். பாடசாலைகளிலும் நூலகங்களிலும் தேவாலயங்களிலும் பாட்டும் நடனமும் நெசவும் இடம்பெறும். நியுவே அல்லாதோரும் 'ஃபக்காலோஃபா லாஹி அத்து' என வாழ்த்துக் கூறுவர். பேரன்பு உரித்தாகுக என்பது அதன் கருத்து. இத்தகைய விழாக்களைப் பற்றி ஐயுறுவோர் உளர். ஆண்டின் ஐம்பத்தொரு வாரங்கள் மறந்துவிட்டு ஒரு வாரம் மாலை சூட்டுவது, உயிரோடுள்ளதற்கே நினைவுநாள் அனுட்டிப்பது போன்றது என்பர். ஜோசுவா ஃபிஷ்மன் என்ற சமூக மொழியியலாளர், மொழிப்பெயர்ச்சியை மீளத் திருப்புதல் பற்றி 1991 இல் எழுதிய நூலில், இல்லத்திற் பெற்றோர் பிள்ளைக்குக் கையளிப்பதே ஒரு மொழியின் உயிர்நாடி என்றும், அது நிகழாவிடின் பிற நடவடிக்கைகள் நிலைத்த பயன் தரா என்றும் நிறுவியுள்ளார். விழா வீட்டினுட் புகாவிடின் பயனில்லை என்பது தெளிவு.

ஆயினும் விழாவை வெற்றாரவாரம் என்று தள்ளிவிடுதல் அவசரமுடிபாகும். மொழி வீட்டைவிட்டு அகன்றதன் காரணங்களுள் வெட்கமும் ஒன்று. சந்தையிலே தாய் தன் மொழியில் உரத்துப் பேசும்போது பிள்ளை நாணித் தலைகுனிந்த காலம் ஒன்றிருந்தது. 1970 களின் நடுப்பகுதியில், அனுமதிக்காலம் கடந்து தங்கியோரைத் தேடுவதாகக் கூறி நியூசிலாந்துப் பொலிசார் பசுபிக் மக்களின் இல்லங்களை விடியற்காலையில் முற்றுகையிட்டனர். தெருக்களிலும் மறித்து விசாரித்தனர். அச்செயல்களுக்காக அந்நாட்டுப் பிரதமர் 2021 இல் முறைப்படி மன்னிப்புக் கோரினார். தோற்றமே சந்தேகத்துக்கு இடமான அத்தகைய சூழலில், வாய்திறந்து தன் மொழியைப் பேசுவது தன்னைத்தானே காட்டிக்கொடுப்பதாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. பொது இடத்தில் விளைந்த வெட்கத்தைப் பொது இடத்திலேயே நீக்குதல் வேண்டும். விழா ஒரு மொழியைக் கற்பித்துவிடாது. ஆயின் அதனைக் கற்பதற்குத் தடையாயிருந்த நாணத்தை அகற்ற வல்லது. இந்த அளவிலே அதன் பயன் பெரிது. இந்த அளவோடு நின்றுவிடின் அதன் பயன் சிறிது.

நியுவே மொழியின் எதிர்காலம் பசுபிக் மக்களின் ஒன்றிணைப்போடு பின்னிக்கிடக்கின்றது. ரொங்காவைச் சேர்ந்த எபெலி ஹவுஓஃபா 1993 இல் எழுதிய 'எங்கள் தீவுகளின் கடல்' என்னும் கட்டுரை, கடலைப் பிரிக்கும் வெளியாகக் கருதியமையாலேயே தீவுகள் சிறியனவாகத் தோன்றின என்றும், கடலை இணைக்கும் பாதையாகக் கொள்ளின் அவ்வுலகம் பரந்து விரியும் என்றும் எடுத்துக்காட்டியது. மொழியும் இதற்குச் சான்று தருகின்றது. நியுவே வாழ்த்திலுள்ள அன்பைக் குறிக்கும் வேர்ச்சொல், சமோவாவில் 'அலோஃபா', மாவோரியில் 'அரோஹா', ஹவாயில் 'அலோஹா' என வழங்குகின்றது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு இடையே ஒரே சொல் சிறு திரிபுகளோடு வாழ்கின்றது. சமோவ உபதேசிமார் வழியே நியுவே மொழியின் சமயச் சொற்கள் பல வந்தமையும் இவ்வுறவின் தொடர்ச்சியே. மாவோரி மக்கள் தம் குழந்தைகளுக்கென 1982 இல் தொடங்கிய மொழிக்கூடுகள் என்னும் பாலர் நிலையங்கள், பின்னர் பிற பசுபிக் மொழியினருக்கும் முன்மாதிரியாயின. சிறு சமுதாயம் ஒன்று தனித்துநின்று பெறமுடியாததை அயற்சமுதாயங்களோடு கூடிநின்று பெறலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

எனினும் ஒற்றுமை என்பதற்குள்ளும் ஓர் அறச்சிக்கல் மறைந்துள்ளது. 1971 இல் ஒக்லாந்து நகரத்துப் பசுபிக், மாவோரி இளைஞர் ஒன்றிணைந்து பொலினீசியன் பாந்தர் இயக்கத்தைத் தோற்றுவித்தபோது, அவர்களை ஒன்றிணைத்த பொதுமொழி ஆங்கிலமே. ஒடுக்குமுறைக்கு எதிரான தோழமை, ஒவ்வொருவரது தாய்மொழிக்கும் வெளியே உருவாயிற்று. 'பசுபிக் மக்கள்' என்ற பொதுப்பெயரின்கீழ் எண்ணிக்கையில் மிக்க சமோவரும் ரொங்கரும் முன்னிற்க, நியுவே போன்ற சிறு இனத்தவர் கண்ணுக்குப் புலப்படாது போதலும் கூடும். 'தவுத்தொலு' என்ற சொல் பெருவட்டத்துக்கு உரியதாகும்போது சிறுவட்டத்தின் குரல் கரைந்துபோகலாம். ஆதலின் ஒன்றிணைப்பின் நீதி, பெரியோர் சிறியோருக்கு இடம்விடுதலிலேயே தங்கியுள்ளது. ஒவ்வொரு பசுபிக் மொழிக்கும் தனித்தனி வாரம் ஒதுக்கப்பட்டுள்ளமை இவ்வகையில் வரவேற்கத்தக்கது.

பேணுதல், வாழ்தல் என்னும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடும் இங்கு கருதத்தக்கது. 2004 சனவரியில் வீசிய ஹேத்தா என்னும் பெருஞ்சூறாவளி நியுவேயின் நூதனசாலையையும் அங்கிருந்த தொல்பொருள்களிற் பெரும்பகுதியையும் அழித்தது. பொருள்களைக் காற்றுக் கொண்டுபோயிற்று. மொழியை அது தொடவில்லை. ஆனால் எந்தக் காற்றும் வீசாமலே மொழி அழியக்கூடும். 'ஹியாப்போ' என்னும் மரப்பட்டைத் துணியில் ஓவியந்தீட்டும் கலை, எவரும் தடைசெய்யாமலே வழக்கொழிந்தது. அண்மைக்காலத்தில் நியூசிலாந்து வாழ் நியுவே வம்சாவளிக் கலைஞர் அதனை மீட்டெடுக்க முயன்றபோது, கைபிடித்துக் கற்பிக்க ஆசான் இன்றி, நூதனசாலைகளிலுள்ள பழைய துணிகளையே ஆசானாகக் கொள்ள நேர்ந்தது. மொழிக்கு அந்நிலை இன்னும் நேரவில்லை. 1997 இல் வெளியான விரிவான அகராதி உண்டு, வேதாகமம் உண்டு. அவற்றினும் மேலாகப் பேசும் வாய்கள் இன்னும் உள. அகராதி சொல்லின் பொருளைக் கூறும். 'தவுத்தொலு' என்று எவரையும் அழைக்காது.

மேற்கூறியவற்றினின்று பெறப்படும் கடமைகள் ஒருவருக்கொருவர் வேறுபடுவன. மொழியறிந்த முதியோரின் கடமை கற்பித்தல் மட்டுமன்று; பிழைபடப் பேசும் இளையோரை நகையாதிருத்தலும் அதனுள் அடங்கும். ஒரு நகைப்பு ஒரு மாணவனை ஆயுட்காலம் முழுவதும் வாய்மூடச் செய்துவிடும். பெற்றோரின் கடமை, தமக்கு மறுக்கப்பட்டதைத் தம் பிள்ளைக்கும் மறுக்காதிருத்தல். தமக்கே மொழி தெரியாதாயின் தெரிந்தோரிடம் பிள்ளையைச் சேர்த்தல். இளைஞரின் கடமை, நீட்டப்படும் கையைப் பார்த்தபின் முடிவு செய்தல், பாராமலே மறுத்துவிடாதிருத்தல். அரசின் கடமை, கடந்தகாலத்தில் தான் பெற்றவற்றுக்கு ஈடாக ஆசிரியரையும் பாடநூல்களையும் நேரத்தையும் வழங்குதல். இவற்றுள் ஒன்று தவறினும் ஏனையவை பயன் குன்றும். எனினும் ஒருவர் தவறினார் என்பது மற்றையவர் தவறுதற்கு நியாயமாகாது.

இறுதியாக, அன்று ஆங்கிலத்தைத் தெரிந்தெடுத்த பெற்றோர் குற்றவாளிகளா என்ற வினா எஞ்சுகின்றது. அச்சமும் வறுமையும் அவமதிப்பும் சூழ்ந்த நிலையில், தம் பிள்ளை தம்மைப்போல் துன்புறலாகாது என்ற அன்பினாற் செய்யப்பட்ட தெரிவு அது. அதனைக் குற்றமென்பது கடுமை; இழப்பில்லை என்பது பொய். அவ்விழப்பை அவர்கள் தலையில் ஏற்றாமலும் மறைக்காமலும் ஏற்றுக்கொள்வதே பின்வந்தோர் செய்யத்தக்கது. உளப்படுத்தும் பன்மை என்பது அதனைச் சொல்பவரால் மட்டும் நிறைவுறுவதன்று. கேட்டு விளங்கி, 'ஆம், அதனுள் யானும் உளேன்' என்று மறுமொழி கூற ஒருவர் எதிரே நிற்றல் வேண்டும். நியுவே மொழியை இன்றும் பேசும் முதியோர் சிலர் அச்சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றனர். அவர்கள் சொல்லி முடிப்பதற்குமுன் மறுமொழி கூறவல்ல ஒரு தலைமுறையை உருவாக்குவதே அம்மொழியின்பாற்பட்ட கடமையின் சாரமாகும்.